காபித்தூள் கடையில் வாய் திறந்து கேள்!

"அக்கா, அம்மா வாங்குற அதே கடையிலதான் தூள் வாங்கறேன். பாலும் கெட்டிப் பால்தான். ஆனா அந்த மணம் மட்டும் வரமாட்டேங்குது!" தனிக்குடித்தனம் போன தங்கைகள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. கேட்டதும் நான் திருப்பிக் கேட்பேன்: "கடையில என்ன சொல்லி வாங்கின?" பெரும்பாலும் வருகிற பதில், "கால் கிலோ தூள் குடுங்கன்னேன்."

அங்கேதான் கோட்டை விடுகிறாய். காபியின் ருசியில் பாதி பில்டருக்கு வருவதற்கு முன்பே, அரவைக் கடையில் முடிவாகிவிடுகிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கொட்டையைக் கண்ணெதிரே நிறுத்து, அரைத்து, சூடாகக் கையில் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. பல ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. அதை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா?

கொட்டையில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். பிளான்டேஷன் ஏ என்பது பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டை. ஏ என்பது அளவில் பெரிய ரகம். மணம் இதில்தான். பீபெரி என்பது தனிச் செடியில்லை. சாதாரணமாக ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு பருப்பு தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒரே ஒரு பருப்பு மட்டும் உருண்டையாக விளையும். அதைத் தனியாகப் பொறுக்கி விற்கிறார்கள். மூன்றாவது ரோபஸ்டா. திக்காக இருக்கும், கசப்பு தூக்கல், விலை குறைவு, கஃபீன் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நான் சொல்வது, பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி. "எங்க வீட்டுக்காரருக்கு நாக்குல சுருக்குன்னு பிடிக்கணும்" என்றால் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல். அதற்கு மேல் போனால் மணம் அடிபட்டுவிடும். வறுவலையும் பார்த்து வாங்கு. கொட்டை நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். கறுத்து, எண்ணெய் வழிகிற அளவுக்கு வறுத்திருந்தால் கருகல் வாசனைதான் மிஞ்சும், எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பதே தெரியாமல் போய்விடும்.

தோட்டம் என்றதும் சிக்மகளூரும் குடகும் மட்டும் உன் நினைவுக்கு வரக்கூடாது. ஏற்காட்டில் 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபிச் செடி வந்துவிட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில், கொல்லிமலையில் மிளகுக்கொடிகளுக்கு நடுவே காபி விளைகிறது. 1942-ல் காபி போர்டு சட்டம் வந்தபிறகு விளைந்ததையெல்லாம் போர்டிடம் கொடுத்தாக வேண்டும் என்றிருந்தது. தொண்ணூறுகளில்தான் அந்தக் கட்டு படிப்படியாக அவிழ்ந்து, தோட்டக்காரர் தன் கொட்டையைத் தானே விற்க முடிந்தது. அதனால் மலைக்குச் சுற்றுலா போனால் பொம்மையும் சாக்லேட்டும் மட்டும் வாங்கி வராதே. அராபிகா அறுவடை மார்கழி, தை ஒட்டி நடக்கும். மாசி, பங்குனியில் போனால் புதுக்கொட்டை கேட்டு வாங்கலாம். நம்ம ஊரிலேயே வறுத்து அரைத்துக்கொள்.

அடுத்து சிக்கரி. அது காபியே இல்லை, ஒரு செடியின் கிழங்கு வேர். காயவைத்து, வறுத்து, பொடித்தது. அதில் கஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும், ஒரு இனிப்புக் கசப்பும் சேர்க்கும். சிக்கரி கலந்து குடிப்பதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, நிறைய வீடுகளின் ருசியே அதுதான். ஆனால் எவ்வளவு என்பது உன் கையில் இருக்க வேண்டும். நூறு கிராமுக்குப் பதினைந்து, இருபது கிராம் போதும். பாக்கெட்டாக வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பார். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். காபிக் கொட்டைக்குக் கொடுக்க வேண்டிய காசைச் சிக்கரிக்குக் கொடுத்துவிட்டு வராதே.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் தூளை மேலாகத் தூவு. கலக்காதே. காபித்தூள் மேலேயே மிதந்துகொண்டு நிற்கும். சிக்கரி சில விநாடிகளில் கனத்து இறங்க ஆரம்பிக்கும், இறங்கும்போதே பழுப்பு நூலாக நிறத்தை இழுத்துக்கொண்டு போகும். "சிக்கரி இல்லாத தூள்" என்று வாங்கியது அப்படி நூல் விட்டால், அடுத்த முறை வேறு கடை பார்.

கால் கிலோ, அரைக் கிலோ என்று அரைத்து வைக்காதே. ஒரு வாரம், பத்து நாளைக்கு ஆகிற அளவு போதும். தூளாக்கிய நிமிடத்திலிருந்து மணம் போய்க்கொண்டே இருக்கிறது. அரைத்த சூட்டோடு டப்பாவில் போட்டு இறுக்கினால் வேர்த்து, கட்டி தட்டும். ஆறவிட்டு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வை. பிரிட்ஜ் வேண்டாம். மாவு, பூண்டு, மல்லிப்பூ எல்லாவற்றின் வாசனையையும் காபித்தூள் வாங்கிக்கொள்ளும்.

இனி பில்டர். மூன்று, நான்கு சின்ன டம்ளர் காபிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தூள், குவித்து எடு. மேல் பாத்திரத்தில் போட்டு, லேசாகத் தட்டிச் சமமாக்கு. குடையை அதன்மேல் உட்காரவை, அவ்வளவுதான். கட்டைவிரலால் போட்டு அழுத்தாதே. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறு. முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் சுற்றிலும் ஊற்று. புதுத்தூள் என்றால் அது உப்பி, குமிழ் விடுவதைப் பார்க்கலாம். குமிழே வரவில்லையா, தூள் பழசு. அது அடங்கியதும் மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கப் போ. இருபது நிமிடத்தில் கள்ளிச்சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும்.

இறங்காமல் அடம் பிடித்தால் மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் திருகி, தூக்கி வை. கீழே காற்று அடைத்துக்கொண்டிருந்தால் அதிலேயே வழி விட்டுவிடும். தினமும் அப்படி ஆகிறதென்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் பில்டரின் மேல் பாத்திரத்தைத் துடைத்து, சின்னத் தீயில் ஒரு நிமிடம் காட்டு. ஒட்டிய தூள் கருகி உதிரும். ஆறியபின் பிரஷ் போட்டுத் தேய். பாட்டி கொடுத்த ஈயம் பூசிய பித்தளை பில்டரை மட்டும் இப்படித் தீயில் காட்டிவிடாதே, பூச்சு உருகிவிடும்.

தண்ணீரில் நாம் பாக்கியசாலிகள். நம்ம குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு மேல் காபிக்கு வேறு தண்ணீர் தேவையில்லை. அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர்தான் என்றால், காபிக்கு மட்டும் ஒரு குடம் குடிதண்ணீர் தனியாகப் பிடித்து வை. உப்புத் தண்ணீரில் டிகாக்‌ஷன் மந்தமாக இருக்கும், பில்டர் ஓட்டையிலும் வெள்ளையாகப் படியும்.

பால் ஒருதரம் பொங்கினால் போதும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஆடை வாசனைதான் வரும். டிகாக்‌ஷனை அடுப்பில் வைக்கவே கூடாது. ஆறியிருந்தால் வெந்நீரில் கிண்ணத்தோடு வைத்துச் சூடாக்கு. சர்க்கரை, டிகாக்‌ஷன், அதன்மேல் கொதிக்கிற பால், இந்த வரிசையில் ஊற்றினால் கரண்டி போட வேண்டியதில்லை. டபராவில் இரண்டு ஆற்று, போதும். திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் மாதிரி பழைய ஹோட்டலுக்கு நெய் ரோஸ்ட் சாப்பிடப் போனால், அந்தக் காபியையும் கவனித்துக் குடித்துப் பார். ஹோட்டலில் டிகாக்‌ஷன் திக்காக இருப்பதால் கொஞ்சம் விட்டாலே நிறம் ஏறுகிறது, பால் நீர்க்காமல் நிற்கிறது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நீ என்றால், சாப்பாட்டோடும் மாத்திரையோடும் காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. உடம்பில் இரும்புச்சத்து சேருவதைக் காபி தடுக்கும். பிள்ளை உண்டாகியிருந்தால் இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொண்டு, டாக்டரையும் கேள். ராத்திரி தூக்கம் வராதவர்கள் சாயங்காலம் நாலு மணியோடு முடித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் சேவிக்க வருகிற உறவுக்கூட்டம் உன் வீட்டில்தான் இறங்கும். இருபது பேருக்கு ஒருவேளைக் காபி என்றால் 200 கிராம் தூள், இரண்டரை லிட்டர் பால். அரவைக் கடையில் அந்த வாரம் கூட்டம் நெரியும், இரண்டு நாள் முன்பே அரைத்து வாங்கிவிடு. பெரிய பில்டர் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, முதல்நாள் ராத்திரியே டிகாக்‌ஷன் இறக்கி, மூடி வை. விரதம் இருக்கிற பெரியவர்கள் காபி குடிப்பார்களா, மாட்டார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப பால் கணக்குப் போடு.