ஐரோப்பாவில் வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது

தனியாக ரயிலேறி ஐரோப்பாவில் நாலைந்து நாடு பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று திருச்சி புத்தூரில் யாராவது வாய் திறந்தால் போதும், நால்ரோட்டைத் தாண்டுவதற்குள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிவிடுவார்கள். குரூப் டூரில் சிங்கப்பூர் போனவர், மகன் ஜெர்மனியில் இருப்பவர், யூடியூப் பார்த்தவர் என எல்லோரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கும். அதில் பாதி சரி. மீதி, திருச்சி ஜங்ஷனை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அதனால் பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம். பணம் கரையும் இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

நம்பிக்கை: ரயிலில் நாடு விட்டு நாடு போவது வெள்ளைக்காரர் பழக்கம்

திருச்சிக்காரர் இதைச் சொல்லவே கூடாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் நம் ஊர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், அங்கிருந்து கொழும்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். தனியாகச் சுற்றுவதும் புதிதில்லை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1930களின் கடைசியில், காந்தி பற்றிய படச்சுருள்களைத் தேடி ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்தவர். அவரிடம் செல்போனும் இல்லை, கூகுள் மேப்பும் இல்லை.

நம்பிக்கை: ஷெங்கன் விசா கிடைத்தால் ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம்

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் வட்டத்தில் இருப்பவை 29 நாடுகள். 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுதாக உள்ளே வந்துவிட்டன. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, யூரோ நோட்டும் அதன் நாணயம் இல்லை. ஆனாலும் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஐரோப்பிய யூனியனில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. நம்மவர்கள் சறுக்குவது இந்த பிரிட்டனில்தான். பாரிஸிலிருந்து லண்டன் இரண்டேகால் மணி நேரம்தானே, ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்று நினைப்பார்கள். அதற்குத் தனி பிரிட்டிஷ் விசா வேண்டும். பாரிஸ் நோர் ஸ்டேஷனில் ரயிலேறும் முன்பே பிரெஞ்சு அதிகாரி, பிரிட்டிஷ் அதிகாரி என இருவரும் பாஸ்போர்ட் பார்த்துவிடுவார்கள். ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் தரப்பட்டிருந்தால், லண்டன் போனவர் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. செர்பியா, அல்பேனியா பக்கம் எட்டிப்பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

இன்னொரு யோசனையும் காதில் விழும்: எந்தத் தூதரகம் சுலபமாகக் கொடுக்கிறதோ அங்கே போடு. அது சரியில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் மூன்று இரவு, ஸ்விட்சர்லாந்தில் நான்கு, வியன்னாவில் இரண்டு என்றால் ஸ்விஸ் விசா. எல்லாம் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாடு. ஆகவே இரவுக் கணக்கைப் போட்டு முடிக்காமல் விசா மையத்தில் நேரம் குறிக்கக் கூடாது. 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிக் கெடு 15 நாள். கோடை விடுமுறைக்குப் போகிறவர் கெடுவை நம்பிக் காத்திருந்தால் சென்னையில் கைரேகை வைக்கத் தேதியே கிடைக்காது. ‘எட்டியாஸ்’ என்ற புது அனுமதிக்கும் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். அது விசா இல்லாமலே நுழையும் நாட்டுக்காரர்களுக்கானது.

விசா கையில் வந்த பிறகும் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். ஷெங்கனுக்குள் எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது பொதுவிதி. ஆனால் ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் போகும் ரயிலில் போலீஸ்காரர் வந்து கேட்கும்போது, மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

நம்பிக்கை: யூரெயில் பாஸ் எடுத்துவிட்டால் எல்லா ரயிலும் இலவசம்

அதிகப் பணம் வீணாகும் இடம் இது. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு விற்பது யூரெயில் பாஸ், வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். ஜெர்மனியில் இருக்கும் மகன் போனில் விளக்குவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான். அதில் சொந்த நாட்டுக்குள் போக ஒரு பயணம், வர ஒரு பயணம் என்று கட்டுப்பாடு உண்டு. நமக்கு அது இல்லை. 33 நாடுகளில் செல்லும் பாஸ், ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள் என்று கிடைக்கிறது. ஒரு ‘நாள்’ என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் மாறினாலும் ஒரே கணக்கு. இரவு ரயிலுக்கு, ஏறிய நாள் மட்டும்தான் கழியும். 27 வயது வரை இளைஞர் விலை. 60 தாண்டியவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி. ஓய்வுபெற்ற பிறகு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டுமே, சீட்டு அல்ல. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களும், எல்லா நாட்டு இரவு ரயில்களும் தனியாக ரிசர்வேஷன் கேட்கும். அதற்குத் தனிக் காசு. யூரோஸ்டாரில் அது 30 யூரோ அளவுக்குப் போகும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் கொஞ்சம்தான். தீர்ந்துவிட்டால் ரயிலில் காலி சீட் இருந்தாலும் பாஸுக்குக் கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, நெதர்லாந்து பக்கம் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான பகல் ரயில்களில் பாஸைக் காட்டிவிட்டு ஏறி உட்கார வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், முதல் பயணக்காரர் பாரிஸ், பார்சிலோனா, ரோம் என்று பெரிய ஊர்களைத் தாவித் தாவிப் பார்ப்பதாக இருந்தால் பாஸே வேண்டாம். முன்கூட்டி எடுக்கும் தனி டிக்கெட்டுகள் மலிவாக முடியும். மியூனிக், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், ஜூரிக் என்று மலைப்பக்கம் நிதானமாகப் போகிறவருக்குப் பாஸ் உண்மையிலேயே சுகம். மழை பெய்தால் திட்டத்தை மாற்றிவிடலாம். ஸ்விட்சர்லாந்து மட்டும் போதும் என்றால் அவர்களுடைய ஸ்விஸ் டிராவல் பாஸில் படகும் நகரப் பேருந்தும் 500க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களும் சேர்ந்தே வரும். அதிலும் யுங்ஃபிராவ்யோக் மலை ஸ்டேஷன் வரை இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுபடி மட்டும்தான், மிச்சத் தொகையே கையைக் கடிக்கும்.

நம்பிக்கை: டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமல் போய்விடும்

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இடம் தேடிய அனுபவம் பேசுகிறது. ஐரோப்பாவில் வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, ஆர்ஏசி இல்லை, காலையில் திரை முன்னால் உட்கார்ந்து தட்கலுக்குப் பாய்வதும் இல்லை. நம் ரயிலில் விலை அனேகமாக அசையாது, இடம் தீரும். அங்கே இடம் இருக்கும், விலை ஏறும். விமான டிக்கெட் மாதிரி. விரைவு ரயிலில் இரண்டு மூன்று மாதம் முன்பு எடுத்ததற்கும் முந்தின நாள் எடுப்பதற்கும் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். சின்ன ஊர்களுக்குப் போகும் பாசஞ்சர் வகை ரயில்களுக்கு எப்போது எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே விலை. அவற்றுக்காக இப்போதே பதற வேண்டாம். லக்ஸம்பர்க்கில் 2020 முதல் இரண்டாம் வகுப்பு ரயிலும் பஸ்ஸும் யாருக்கும் இலவசம்.

மலிவு டிக்கெட்டில் ஒரு பொறி இருக்கிறது. அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும், பணமும் பெரும்பாலும் திரும்பாது. அதனால் விசா கைக்கு வருமுன் அதை வாங்கிக் குவிப்பது புத்திசாலித்தனமல்ல. விமானத்துக்கும் ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லை. துபாய், கொழும்பு என்று மாறித்தான் போகவேண்டும். எப்படியும் மாறுவதால், இறங்கின ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏற வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். பாரிஸில் இறங்கி வியன்னாவில் ஏறினால் ஒரு முழுநாள் ரயில் பயணம் மிச்சம்.

நம்பிக்கை: ஐரோப்பிய ரயில் ஒரு நிமிஷம் பிசகாது

ஸ்விட்சர்லாந்துக்கு இது பொருந்தும். அங்கே மூன்று நிமிடம் தாமதமானாலே தாமதம் என்று எழுதுகிறார்கள், அப்படியும் 2024இல் 93 சதவீதத்துக்கு மேல் நேரத்துக்கு வந்தார்கள். ஜெர்மனியில் ஆறு நிமிடம் வரை மன்னிப்பு உண்டு. அப்படியிருந்தும் அதே ஆண்டில் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம். பழைய தண்டவாளங்கள், ஒரே நேரத்தில் எங்கும் பராமரிப்பு வேலை, நெரிசலான பாதை என்று காரணங்கள் நமக்குப் பழக்கமானவையே.

எனவே ஜெர்மனியில் ஆப் காட்டும் ஏழு நிமிட இணைப்பை நம்பக் கூடாது. அரைமணி, முக்கால் மணி இடைவெளி விட்டுத் திட்டமிட வேண்டும். முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் இணைப்பு தவறினாலும் அடுத்த ரயிலில் போகலாம். துண்டு துண்டாக எடுத்திருந்தால் நஷ்டம் நம்முடையது. ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் கேட்டு வாங்க ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. ரயில் தாமதிக்கலாம், நாம் தாமதிக்கக் கூடாது: டிஜிவி கதவு புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். ஓடிப்போய் தொற்றிக்கொள்ளும் வித்தை செல்லாது.

ரயில் பைத்தியங்களுக்கு ஒரு உபரித் தகவல். ஊட்டி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் ஜூரிக்குக்குப் பக்கத்து ஊரான விண்டர்தூரில் செய்தவை. அவற்றைப் பழுது பார்த்து, அதே வகையில் புது எஞ்சின்களும் செய்தது நம் பொன்மலை பணிமனை. ஜூரிக் போகிறவர் அரைமணி ரயிலில் ஒருமுறை எட்டிப்பார்க்கலாம்.

நம்பிக்கை: பெண்கள் தனியாக இரவு ரயிலில் போகக் கூடாது

ஆஸ்திரியாவின் நைட்ஜெட் ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான படுக்கைப் பெட்டியைக் கேட்டு வாங்கலாம். விளக்கைப் போட்டுவிட்டு நாலு பேர் அரட்டை அடிக்கும் நம் ஸ்லீப்பர் கோச்சை விட அங்கே தூக்கம் நன்றாக வரும். உண்மையான தொல்லை பகலில், பெரிய ஸ்டேஷன்களில். பாரிஸ், ரோம், மிலான், பார்சிலோனாவில் ஜேப்படி ஒரு தொழில். டிக்கெட் மெஷின் முன்னால் திணறும்போது உதவ வரும் அன்பான ஆளிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஆபத்து என்றால் 112. இங்கும் அதே எண்தான்.

போர்ட்டர் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் ரயில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும், பெட்டியை நாமேதான் ஏற்றி இறக்க வேண்டும். சக்கரம் வைத்த ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்ப்பதும் முக்கியம். ஜங்ஷன், கோட்டை, டவுன், ஸ்ரீரங்கம் என்று நம் ஊருக்கே இத்தனை இருக்கும்போது பாரிஸில் ஏழு பெரிய ஸ்டேஷன்கள் இருப்பதில் வியப்பில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெட்ரோவில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

நம்பிக்கை: சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான்

ஸ்ரீரங்கத்து மாமிகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். பெரிய ஸ்டேஷன்களில் சூப்பர் மார்க்கெட் இருக்கும். ரொட்டி, தயிர், பழம், சாலட் எல்லாம் கிடைக்கும். பாக்கெட்டில் அடைத்த உணவில் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். முட்டையும் மீனும் அந்தப் பட்டியலில் உண்டு, எனவே கண்டுபிடிப்பது எளிது. இறைச்சியும் ஜெலட்டினும் அந்தப் பட்டியலில் இல்லை, பொடி எழுத்தை முழுக்கப் படிக்கத்தான் வேண்டும். இத்தாலியின் பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாற்றை வைத்துத் தயாராவது. சுத்த சைவர்கள் பாஸ்தா மேல் அதைத் தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கிருந்து கட்டிக்கொண்டு போவதிலும் விதி உண்டு. ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப்போகக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். கறிவேப்பிலைக் கொத்தும் ஆகாது. சான்றிதழ் கேட்காமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், பேரீச்சை, வாழை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு இது நல்ல செய்தி. பருப்புப் பொடிக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். கைப்பையில் வைக்காமல், இறுக மூடி பெரிய பெட்டியில் வையுங்கள்.