கொப்புள நோயில் நகம் காட்டும் குறிகள்

அந்தமானில் போர்ட் பிளேர் நகரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய சாத்தம் தீவில் 1883-இல் அரசு மர அறுவை ஆலை நிறுவப்பட்டது. படாக் முதலிய மரங்களை அறுக்கும் இத்தகைய தொழிலில் விரலில் சிராய் ஏறுவதும் நகம் நசுங்குவதும் அரியன அல்ல. ஆகவே நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் கட்டினால் அதனை நகச்சுற்று என்றே கொள்வர். பெரும்பாலும் அது சரியே. எனினும் காயம் எதுவுமின்றி இரு கைகளிலும் பல விரல்களில் அது தோன்றுமாயின், வாயைத் திறந்து பார்ப்பது நலம். அங்கு ஆறாத புண்கள் இருப்பின், பெம்பிகஸ் எனும் கொப்புள நோயை ஐயுறவேண்டும்.

தோலின் உயிரணுக்களைப் பிணைத்து நிற்கும் புரதங்களுள் டெஸ்மோகிளீன் ஒன்று. இந்நோயில் உடலின் எதிர்ப்புப் பொருள்களே அதனைத் தாக்குகின்றன. பிணைப்பு அவிழ, தோலினுள் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. நகத்தை உருவாக்கும் நக மூலத்திலும் இப்புரதம் உண்டு. ஆதலின் நகமும் தப்புவதில்லை. நகச்சுற்றே மிகுதியாகக் காணப்படும் மாறுதல். நகத்தின் குறுக்கே பள்ளக்கோடு விழுதல், அடியில் இரத்தம் கட்டுதல், நகம் வேரிலிருந்தே கழன்று விழுதல் ஆகியவையும் நேரும். பிளவு மேல்தோலுக்குள்ளேயே நிகழ்வதால் நோய் அடங்கியபின் நகம் பெரும்பாலும் மீண்டும் வளர்கிறது. மேல்தோலுக்குக் கீழே பிளவுண்டாகும் வேறு சில கொப்புள நோய்களிலோ தழும்பேறி நகம் நிலையாகவே அழிந்துவிடக்கூடும்.

குறுக்குக் கோடு ஒரு நாட்குறிப்புப் போன்றது. 1846-இல் பிரெஞ்சு மருத்துவர் போ இதனை விவரித்தார். கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால், நகத்தடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தொலைவிலுள்ள கோடு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முந்தைய தாக்குதலைக் குறிக்கும். தோல்மடிப்பினுள் மறைந்த பகுதியையும் கருதினால் காலம் சற்றுக் கூடும்.

நோய் அடங்கியிருந்தவரிடம் நகச்சுற்று புதிதாகத் தோன்றுவது சில வேளை நோய் திரும்புவதன் முன்னறிவிப்பாகும். சீழ் எதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பது அப்போது கேடாகும். மறுபுறம், ஸ்டீராய்டு உண்பவருக்குக் காளான் தொற்றும் எளிதில் பற்றும். ஆகையால் இரண்டையும் சோதித்தே தீரவேண்டும்.

ஸ்டீராய்டு வருமுன் பெம்பிகஸ் பெரும்பாலும் உயிர்கொல்லியாகவே இருந்தது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980-களில் வகுத்த முறையில், டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராம் தொடர்ந்து மூன்று நாள்களும், சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் ஒரு நாளும் நரம்பின் வழியே செலுத்தப்பட்டன. இது 28 நாள்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யப்பட்டது. இன்று ரிடுக்ஸிமாப் மருந்தும் உள்ளது.

சாத்தத்திலிருந்து சென்னை சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். நோயாளியை அங்கு அனுப்ப நேரின், வாய்ப்புண் தொடங்கிய நாளுடன் எந்தெந்த விரலில் கோடு எத்தனை மில்லிமீட்டரில் உள்ளது என்பதையும் குறிப்பில் எழுதியனுப்புவது பயன் தரும்; பயணம் முடிவதற்குள் வாய்ப்புண் மாறிவிடலாம், நகத்தின் கோடு மாறாது.