அரளி நடப்போகும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மஞ்சளாகப் பூத்திருப்பது பொன்னரளி. மெக்சிகோ பக்கமிருந்து வந்த வேறு சாதி. உனக்கு வேண்டியது செவ்வரளி. பூவை வைத்து முடிவு செய்யாதே, இலையைப் பார். செவ்வரளிக்குப் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். பொன்னரளிக்கு ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். காயும் காட்டிக்கொடுக்கும்: பொன்னரளியில் குண்டுக் காய், செவ்வரளியில் நீண்ட நெற்று.

நாற்றங்காலில் காசு கொடுக்காதே. தெரிந்த வீட்டில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டிய குச்சி நான்கைந்து கேள். நுனியில் சில இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடு. மணலும் மண்ணும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வை. ஈரம் காயக் கூடாது, தேங்கவும் கூடாது. சில வாரத்தில் வேர் பிடிக்கும். துளிர் கண்டதும் பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும். பிடுங்காதே, துளிர் வந்தாலே வேர் வந்ததாக அர்த்தமில்லை. பாட்டில் தண்ணீரிலும் வேர் விடும். ஆனால் அந்தத் தண்ணீரே நஞ்சு, நாய் நக்கும் இடத்தில் வைக்காதே.

நட்டபின் அதற்கு நீ செய்ய வேண்டியது சொற்பம். இலையின் அடியில் சிறு குழிகளுக்குள் மயிர் மூடிய சுவாசத்துளைகள். அதனால் நீர் எளிதில் ஆவியாகாது. நான்குவழிச் சாலையின் நடுவே வெயிலையும் புகையையும் தாங்கி நிற்பது அப்படித்தான். புதுக் கிளை நுனியில்தான் பூ வரும், ஆகவே ஒரு பூப்பு முடிந்ததும் கவாத்து செய். வெயில் குறைந்த இடத்தில் இலைதான் மிஞ்சும். குருத்தில் மஞ்சள் அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடி, மருந்து வேண்டாம்.

கவனம் முழுவதும் உன் வீட்டார்மேல் இருக்க வேண்டும். இலை, பூ, பட்டை, சாறு, வேர் அத்தனையும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு; காய்ந்தாலும் போகாது. கவாத்துக்குக் கையுறை போடு. வெட்டிய குச்சியை எரிக்காதே, புகையும் கெடுதல். ஆடு மேயும்படி வெளியே எறியவும் கூடாது. இது சேலம் பனமரத்துப்பட்டியில் வயல் வயலாகப் பயிராகி மாலைக்குப் போகும் பூதான். ஆனாலும் கேரளத்தில் 2024இல் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளியை விலக்கியது. எனக்கு அது சரியாகவே படுகிறது. சாமிக்குச் சாத்தலாம், வாய்க்குப் போகும் எதிலும் சேரக் கூடாது. யாராவது தெரியாமல் மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, என்ன செடி என்று டாக்டரிடம் சொல்.

உன் மகள் இப்போது எதையும் வாயில் வைக்கும் வயசு. அவள் வளரும்வரை வாசலில் செம்பருத்தி வை. அரளியைப் பின்வேலிக்கு அப்பால் நடு.

அன்புடன்,
பெரியம்மா