நினைவுச் சின்னமும் சட்டமும்

போரில் மாண்டோர்க்கு எடுத்த நினைவுச் சின்னத்தில் ஒரு சுவரைக் கூட்டுதற்கும் சட்டம் வேண்டுமோ என நாம் வினவலாம். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள கொரிய யுத்தச் சின்னம் இதற்கு விடை பகரும்.

1950 முதல் 1953 வரை நிகழ்ந்த அப்போரின் பொருட்டு 1995-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சின்னத்தில், 19 வீரர்தம் எஃகுருவங்கள் நின்றன. மாண்டோர் பெயர்கள் இல்லை. அந்நகரின் பொதுநிலத்தில் புதுச் சின்னம் எழுப்பக் காங்கிரஸ் சபையின் சட்டம் வேண்டுமென்பது 1986-ஆம் ஆண்டின் விதி. ஆகலின், பெயர்ச்சுவர் எழுப்புதற்கு 2016-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் அரசாங்கப் பணம் செலவிடலாகாதென விலக்கிற்று. பெயர்களைத் துணியும் பொறுப்பைப் பாதுகாப்பு மந்திரிக்கு அளித்தது. பொருள் நன்கொடையால் திரண்டது. தென்கொரிய அரசாங்கமும் மிகுதியாக உதவிற்று.

2022-இல் திறக்கப்பெற்ற சுவரில் 36,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர் பெயர்களும், அவர்தம் படையிற் சேர்ந்து பொருத 7,000-க்கு மேற்பட்ட கொரியர் பெயர்களும் உள்ளன. பின்னர் ஆராய்ந்தோர், பல பெயர்கள் பிழைபட்டும் பல விடுபட்டும் இருத்தலை எடுத்துக்காட்டினர்.

ஏட்டின் பிழையை எளிதில் அழித்தெழுதலாம்; கல்லின் பிழையை அங்ஙனம் திருத்துதல் அரிது. மகனை இழந்த குடும்பத்தார் அச்சுவரில் தேடுவது ஒரு பெயரையே. சட்டம் வகுப்போரும் பட்டியல் எழுதுவோரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும். கற்கும் நாமும் மறவாதிருப்போமாக.