சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. சீனாவிலிருந்து மேற்படிப்புக்காகச் சிங்கப்பூர் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நீ ஆங்கில வகுப்பு எடுக்கப்போவதாக அண்ணன் போனில் சொன்னார். உன் பாடத்திட்டமும் வந்து சேர்ந்தது. வாரத்துக்கு ஒரு தாள். தாளில் மூன்று பத்தி. கடினமான ஆங்கிலச் சொல், அதற்கு ஒத்த சொற்கள், கடைசியில் எதிர்ச்சொற்கள். நிறைய உழைத்திருக்கிறாய், அது தெரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. உன்னுடையதைவிட நீளமாகவே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வேறு. பல வருடம் அவர்களுக்குப் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அவர்கள் எப்படிப் படித்துவிட்டு உன்னிடம் வருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள். பள்ளியில் காலை வாசிப்பு என்று ஒரு நேரம் உண்டு. முதல் பாடம் தொடங்குமுன் வகுப்பு முழுவதும் புத்தகத்தைத் திறந்து உரக்கப் படிக்கும். ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வதற்குச் சீனத்தில் ‘பெய் தான்ட்ஸ்’ என்று தனியாகவே பேச்சுவழக்கு இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் தேசிய ஆங்கிலத் தேர்வு. அதன் நான்காம் நிலை 1987இல் வந்தது, ஆறாம் நிலை 1989இல். வெளிநாட்டுக்குப் போக ஜிஆர்இ எழுதுகிறவர்கள் கையில் யூ மின்ஹோங் தொகுத்த சிவப்பு அட்டைச் சொற்புத்தகம் இருக்கும். பெய்ஜிங்கில் 1993இல் நியூ ஓரியண்டல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். அந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சிவப்புப் பொக்கிஷம்’. அகரவரிசையில் போட்ட சொற்புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல் ‘அபாண்டன்’. கைவிட்டுவிடு என்று பொருள். புத்தகத்தைத் திறந்ததுமே கைவிடச் சொல்கிறது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் கைவிட மாட்டார்கள், ‘இஸட்’ வரை போய்விடுவார்கள்.

ஒத்த சொல், எதிர்ச்சொல் என்று இரட்டைப் பட்டியலாகப் படிக்கும் பழக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. ஜிஆர்இ தேர்வில் 2011 வரை எதிர்ச்சொல்லுக்கென்றே கேள்விகள் இருந்தன. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுப்பார்கள், அதற்கு நேர் எதிரானதை ஐந்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்கியமே கிடையாது. 2011 ஆகஸ்டில் தேர்வை மாற்றி அமைத்தபோது அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடம், கீழே ஆறு சொற்கள். எந்த இரண்டைப் போட்டால் வாக்கியத்தின் பொருள் ஒன்றாகவே நிற்கும் என்று கேட்கிறார்கள். தேர்வு வாக்கியத்துக்கு வந்துவிட்டது. பட்டியல் மட்டும் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு என்று அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொல்வதால் அவர்களுடைய மனப்பாடத்தை நீ மட்டமாக நினைத்துவிடக் கூடாது. அவ்வளவு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் எந்த ஆசிரியருக்கும் வரம். அதோடு ஒத்த சொல்லையும் எதிர்ச்சொல்லையும் சேர்த்துப் பார்ப்பது அவர்களுடைய மொழியிலேயே ஊறிய விஷயம். ‘அர்யா’ என்று ஒரு பழைய சீன நூல் இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டு, இன்று கிடைக்கும் சீன அகராதிகளில் மிகப் பழையது. அது நம் திவாகர நிகண்டு மாதிரி, சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தது. அதன் முதல் பதிவே ‘தொடக்கம்’ என்ற பொருள் தரும் பத்துக்கு மேற்பட்ட சொற்களை ஒன்றாக வைக்கிறது. இங்கிலாந்தில் ரோஜெட் என்ற மருத்துவர் தம் ஒத்த சொல் தொகுதியை வெளியிட்டது 1852இல்தான்.

அன்றாடச் சீனத்தைக் கவனி. பெரிது, சிறிது என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்தால் ‘அளவு’. அதிகம், கொஞ்சம் இரண்டையும் சேர்த்தால் ‘எவ்வளவு?’. வாங்கு, வில் இரண்டும் சேர்ந்தால் வியாபாரம். நாம் கொடுக்கல் வாங்கல் என்கிறோமே, அதேதான். ஈட்டியையும் கேடயத்தையும் சேர்த்தால் ‘முரண்பாடு’. எதையும் துளைக்கும் ஈட்டியையும் எதனாலும் துளைக்க முடியாத கேடயத்தையும் ஒரே ஆள் விற்ற கதை ஹான் ஃபெய் என்ற பழைய சீன அறிஞரின் நூலில் இருக்கிறது, சொல் அங்கிருந்து வந்தது. ஒத்த சொல் இரண்டு சேர்ந்து ஒரே சொல்லாவதும் ஏராளம்: நண்பன், பாதை, குரல் எல்லாம் அப்படி அமைந்தவைதான். எதிரெதிர்ப் பொருளை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் என்றால் என்ன என்று நீ விளக்கத் தேவையில்லை.

பிறகு சிக்கல் எங்கே? சீன விளக்கத்தில். புத்தகத்தில் ஆங்கிலச் சொல் இருக்கும், பக்கத்திலேயே சீனத்தில் ஒரு சொல் இருக்கும். ஐந்து ஆங்கிலச் சொல்லுக்கு அதே ஒரு சீனச் சொல் போட்டிருந்தால் ஐந்தும் ஒன்றுதான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். என் வகுப்பில் ஒரு பெண், தன் ஊரில் தாத்தா ‘நொட்டோரியஸ்’ டாக்டர் என்று எழுதினாள். ஊரே தேடி வரும் கைராசிக்கார டாக்டர் என்று பெருமையாகச் சொல்ல நினைத்தது அந்தக் குழந்தை. புத்தகத்தில் ‘ஃபேமஸ்’ என்பதற்கும் ‘நொட்டோரியஸ்’ என்பதற்கும் பேர்பெற்ற என்ற ஒரே சீனச் சொல்தான் போட்டிருந்தது. கெட்ட பேர் என்பதை விட்டுவிட்டார்கள்.

அந்த இடத்தில் அவளுடைய மொழியே உதவிக்கு வந்தது. சீனப் பள்ளிகளில் சொற்களைப் புகழும் சொல், இகழும் சொல், நடுநிலைச் சொல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். ‘பாவ்யி’, ‘பியான்யி’ என்று கேட்டாலே போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ‘நொட்டோரியஸ்’ பியான்யி என்று சொன்னதும் அவள் முகம் சிவந்துவிட்டது. அடுத்த நிமிடமே ‘ரினௌன்ட்’ என்று திருத்தி எழுதினாள். உன் மூன்று பத்தித் தாளில் இந்தக் குறியைப் போடு. ‘த்ரிஃப்டி’ புகழ்வது, ‘ஸ்டிஞ்ஜி’ இகழ்வது. இரண்டும் காசைக் கெட்டியாகப் பிடிப்பவனைத்தான் சொல்கின்றன, சொல்கிறவரின் மனசுதான் வேறு. சில சொல் எல்லையைத் தாண்டும்போது நிறம் மாறும், அதையும் சொல்லிக்கொடு. ‘ப்ரொபகாண்டா’ என்பதற்குரிய சீனச் சொல்லில் குற்றம் ஏதும் இல்லை, விளம்பரத்துக்கும் விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அதைக் கேட்டதும் பொய்ப் பிரச்சாரம் என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது. தன் கல்லூரியின் சுகாதார இயக்கத்தைப் பற்றி எழுதும் பிள்ளை இந்தச் சொல்லைப் போட்டால் தப்பான அர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்றையும் நீ கட்டாயம் பிரித்துச் சொல்ல வேண்டும். ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்புகளில் ‘தோங்யி திஹுவான்’ என்ற பேச்சு அடிக்கடி வரும். ஒத்த சொல்லால் மாற்றிப் போடுவது என்று பொருள். படித்துப் பதில் எழுதும் பகுதிக்கு அது சரியான வழிதான். பத்தியில் ஒரு சொல் இருக்கும், கேள்வியில் அதையே வேறு சொல்லால் கேட்டிருப்பார்கள். ஒத்த சொல் தெரிந்தவனுக்கு விடை கண்ணில் படும். அங்கே பட்டியல் நீளமாக இருப்பது நல்லது. கட்டுரை எழுதும்போது அதே பழக்கம் கெடுத்துவிடுகிறது. பல பிள்ளைகள் பூங்காவில் விளையாடுகிறார்கள் என்று எளிதாக எழுதக்கூடியதை எடுத்துக்கொண்டு, ‘மெனி’யை ‘ப்ளெதோரா’ ஆக்கி, ‘சில்ட்ரன்’ என்பதை ‘ஜுவனைல்ஸ்’ ஆக்கிவிடுவார்கள். ‘ஜுவனைல்’ என்றால் நமக்கு இளஞ்சிறார் நீதிமன்றம் ஞாபகம் வருகிறது. பூங்காவில் ஊஞ்சலாடிய குழந்தை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஐஎல்ட்ஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மை. ஆனால் அரிய சொல்லைப் போட்டால் மட்டும் மதிப்பெண் வராது, அது வாக்கியத்தின் நடைக்கும் பக்கத்துச் சொல்லுக்கும் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடு. படிக்கும்போது சொற்களுக்குள் என்ன ஒற்றுமை என்று தேட வேண்டும், எழுதும்போது என்ன வேற்றுமை என்று தேட வேண்டும். உன் வகுப்பில் நீ நடத்த வேண்டிய பாடம் இந்த இரண்டாவதுதான். முதலாவதை அவர்கள் உனக்கே சொல்லித்தருவார்கள்.

நடை என்றேன். அதற்கும் அவர்கள் மொழியில் வழி இருக்கிறது. வாங்குவதற்குச் சீனத்தில் பேச்சுக்கு ‘மாய்’, எழுத்துக்கு ‘கோமாய்’. ‘பை’க்கும் ‘பர்ச்சேஸ்’ என்பதற்கும் நடுவே இருப்பது அதே இடைவெளி. ஆங்கிலத்தில் அது 1066இல் நார்மானியர் வந்ததன் விளைவு. வீட்டுச் சொல் பழைய ஆங்கிலம், அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு, புத்தகத்துக்கு லத்தீன் என்று அடுக்கடுக்காக நிற்கிறது. ‘ஆஸ்க்’, ‘கொஸ்டின்’, ‘இன்டராகேட்’ மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் போட்டால் அம்மா மகனைக் கேட்பதும் போலீஸ்காரர் கேட்பதும் ஒன்றாகிவிடும்.

எதிர்ச்சொல்லுக்கு வா. உன் தாளில் ‘ஓல்ட்’ என்பதற்கு எதிரே ‘யங்’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். பழைய நாற்காலிக்கு எதிர் இளைய நாற்காலியா? நமக்குப் பழைய, முதிய என்று வேறு வேறு சொல் இருப்பதுபோல் சீனத்திலும் பழைய பொருளுக்கு ‘ஜியூ’, வயதானவருக்கு ‘லாவ்’ என்று பிரித்துச் சொல்வதுண்டு. எனவே இந்த இடத்தில் நீயும் அவர்களும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், ஆங்கிலம்தான் எதிர்ப்பக்கம். எதிர்ச்சொல் பக்கத்துச் சொல்லைப் பொறுத்தது: ‘லைட்’ என்பதற்குப் பெட்டி விஷயத்தில் ‘ஹெவி’, நிறத்தில் ‘டார்க்’, ‘டிரை’ என்பதற்குத் துணியில் ‘வெட்’, திராட்சை மதுவில் ‘ஸ்வீட்’. ஆகவே எதிர்ச்சொல் பத்தியில் எந்தச் சொல்லையும் தனியாக விடாதே, கூடவே ஒரு பெயர்ச்சொல்லைப் போடு.

வேர்ச்சொல் முறை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். சீன எழுத்தின் உறுப்பைப் பார்த்துப் பொருளை ஊகிக்கப் பழகியவர்கள் அல்லவா? ‘பெனி’ நல்லது, ‘மால்’ கெட்டது என்று சொல்லிவிட்டால் ‘பெனவொலன்ட்’, ‘மலவொலன்ட்’ என்று ஜோடி ஜோடியாக அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அந்த வேகத்திலேயே ‘இன்’ வந்தால் எதிர்ச்சொல் என்றும் முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே நிறுத்து. ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பற்றாதது அல்ல, தீப்பற்றும். ரசாயனம் படிக்கும் பிள்ளை ஆய்வகத்தில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் கை போய்விடும். இதற்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கினாலும் தகும்.

நீ சீனம் படித்தவள் இல்லை என்று தயங்காதே. இரண்டு ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சீனத்தில் தங்களுக்குள் பேசி முடிவு செய்யச் சொல். பிறகு ஆளுக்கொரு ஆங்கில வாக்கியம். சீனத்தில் பேசினால் அதட்டுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல் மனதில் இறங்குகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. தாளில் சொற்களைப் பாதியாகக் குறைத்துவிடு. மீதி இடத்தில் வாக்கியம் வரட்டும்.

முதல் வகுப்பில் பட்டியல் எதையும் கொடுக்க வேண்டாம். தங்கள் தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல். அந்தத் தாள்களில் நாலைந்தை எனக்கு அனுப்பு. எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உன் அத்தை