தோல்வி கற்பித்த இயற்பியல்

ஜூடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. அதை உருவாக்கிய ஜிகோரோ கானோ (1860–1938) ஒரு கல்வியாளர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான், உடம்பும் மெலிந்தது.

1877இல் டோக்கியோவில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஃபுகுடா என்ற ஆசிரியரிடம் அவர் ஜுஜுட்சு பயிலத் தொடங்கினார். அங்கே ஃபுகுஷிமா என்றொரு மூத்த மாணவர். நல்ல கனத்த ஆள். கானோ எந்தப் பிடியைப் போட்டாலும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பத் தோல்விதான்.

இப்படித் தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? அதே பிடியை இன்னும் ஆயிரம் தடவை பழகுவார்கள். கானோவோ வேறு வழி தேடினார். முதலில் சுமோ மல்யுத்தம் அறிந்த ஒருவரிடம் யோசனை கேட்டார். அந்த உத்தியும் பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குச் சென்று, மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய நூல்களைப் புரட்டினார். அங்கே கிடைத்த ஒரு பிடியைப் பழகிக்கொண்டு வந்து, ஃபுகுஷிமாவைத் தூக்கி எறிந்தார்! 'கத்தா குருமா', அதாவது 'தோள் சக்கரம்' என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே.

இதில் உள்ள இயற்பியலைப் பார்ப்போமா?

எதிராளியின் எடை 90 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அவரை 40 சென்டிமீட்டர் தள்ளி, கைகளில் தாங்கினால், உங்களை முன்பக்கம் கவிழ்க்கும் திருப்புத்திறன் 90 × 40 = 3600 அலகுகள். முதுகு தாங்குமா? குனிந்து, அவருடைய புவியீர்ப்பு மையத்துக்கு நேர் கீழே உங்கள் தோளைக் கொடுத்துத் தூக்கினால், அந்தத் தூரம் 2 சென்டிமீட்டராகக் குறையலாம். இப்போது 180 அலகுகள்தான். எடை குறைந்துவிடவில்லை, அதைத் தாங்குபவை இப்போது உடலிலேயே வலுமிக்க தொடைத் தசைகள். அப்புறம் ஒருபக்கம் சற்றே சாய்த்தால் போதும், மிச்ச வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் சும்மா நிற்கும் ஆளுக்குக் கீழே எப்படிப் புகுவது? அவரை முதலில் நிலைகுலையச் செய்ய வேண்டும். இந்தத் தத்துவத்தைக் கானோ பின்னாளில், இக்குபோ என்ற மற்றோர் ஆசிரியரோடு பயிலும்போது தெளிவாகக் கண்டுகொண்டார்.

எந்தப் பொருளும் அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடிப்பரப்புக்குள் விழும் வரையே நிற்கும். நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்கோடு விழும் இடத்துக்கும் கால்விரல் நுனிக்கும் இடையே 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஏறத்தாழ 7 பாகை முன்னால் சாய்ந்ததுமே அவன் கவிழத் தொடங்குவான். கவனித்தீர்களா, இந்தக் கோணத்தில் எடை வரவே இல்லை! 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே 7 பாகைதான்.

இழுக்க வேண்டிய விசையில் எடை வரும். 140 சென்டிமீட்டர் உயரத்தில் தோளைப் பிடித்து இழுத்தால், 90 × 12 ÷ 140, அதாவது 8 கிலோகிராம் எடைக்கும் குறைவு. அவர் மரக்கட்டைபோல் விறைத்து நின்றால்தான் இது பொருந்தும். உண்மையில் ஓர் அடி முன்னே வைத்துச் சமாளித்துக்கொள்வார். ஆகவேதான் அந்த அடி தரையில் பதியும் முன்பே வீசுவதில் ஜூடோ வீரர்கள் இவ்வளவு பயிற்சி எடுக்கிறார்கள்.

1882இல் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த சிறு இடத்தில் கானோ தம் 'கோடோகான்' பள்ளியைத் தொடங்கினார். தோள் சக்கரம் அதன் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. (காலைக் கையால் பிடிப்பதற்கு 2010 முதல் போட்டி விதிகள் தடை கொண்டுவந்ததால், இன்று அதைப் பழைய முறையில் போட்டிகளில் காண்பது அரிது.)

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். குதிகால்களும் முதுகும் சுவரில் ஒட்டும்படி நின்று, ஓர் அடி முன்னால் ஒரு நாணயத்தை வையுங்கள். முழங்காலை மடக்காமல், பாதத்தை நகர்த்தாமல் அதை எடுக்க முடிகிறதா? விழுந்தால் பிடிக்க எதிரே ஒரு நண்பர் நிற்கட்டும். பிறகு சுவரை விட்டு விலகி நின்று அதையே செய்யுங்கள். உங்கள் இடுப்பு இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.