கணக்கும் திட்டமும் ஒத்துப்போக வேண்டும்

ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் இரண்டு ஏடுகள் தேவை. நடந்ததைச் சொல்வது கணக்கு; நடக்க வேண்டியதைச் சொல்வது திட்டம். மதரஸா, மருந்தகம், தையல் பயிற்சி, கல்வி உதவி என்று பிரிவுகள் பெருகும்போது எல்லாவற்றின் வரவு செலவையும் ஒரே கணக்காகத் திரட்டி, அதை வைத்தே அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுகிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், இல்லாத பணத்தை நம்பி ஓர் ஏழை மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் தருவதாக வாக்களித்துவிடுவோம். நம்மிடம் தரப்பட்ட பணமும் அமானத். நாம் தரும் வாக்கும் அமானத். எனவே நிர்வாகிகள் மட்டுமல்லாமல், நன்கொடை தரும் குடும்பங்களும் அறிய வேண்டிய நான்கு பாடங்களை இங்கே பார்ப்போம்.

1. தலைப்புகள் ஒன்றாக இருக்கட்டும்

கணக்கில் "கல்வி உதவி" என்று ஒரே தலைப்பு. திட்டத்தில் "கட்டணம்", "புத்தகம்", "சீருடை" என்று மூன்று. பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? பெரிய நிறுவனங்கள் கணக்கைத் திரட்ட ஒரு மென்பொருளும் பட்ஜெட் போட இன்னொன்றும் வைத்திருந்தாலும், இரண்டுக்கும் பொதுவான ஒரே தலைப்புப் பட்டியலை வைத்துக்கொள்கின்றன. நம்மிடம் ஒரு பேரேடும் ஓர் எக்செல் தாளும் மட்டுமே இருந்தாலும் விதி அதுதான். புதிய தலைப்பு வந்தால் அன்றே இரண்டிலும் சேர்க்க வேண்டும். அதற்கு ஒருவரே பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது. ஆகவே ஜகாத், ஸதகா, பொதுநிதி மூன்றும் கணக்கில் மட்டுமல்ல, திட்டத்திலும் தனித்தனியாகவே இருக்க வேண்டும்.

2. கை மாறிய பணம் புதிய வரவல்ல

ஓர் உதாரணம். தலைமை அலுவலகத்துக்கு நன்கொடை ரூ.5,00,000 வருகிறது. அதில் ரூ.1,00,000 தையல் பயிற்சி மையத்துக்குப் போகிறது. மையத்துக்குப் பயிற்சிக் கட்டணமாக ரூ.20,000 கிடைக்கிறது. இரண்டு இடத்து வரவையும் அப்படியே கூட்டினால் ரூ.6,20,000. உண்மையான வரவோ ரூ.5,20,000தான். முதல் தொகையை நம்பித் திட்டமிட்டால் ஒரு லட்சம் துண்டு விழும்.

பணம் அனுப்பும் இடமும் பெறும் இடமும் ஒரே வவுச்சர் எண்ணைப் பதிய வேண்டும். கணக்கைத் திரட்டும்போது அந்தத் தொகையை அங்கே செலவிலிருந்தும் இங்கே வரவிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

3. ரமளானைக் கவனியுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஹிஜ்ரி ஆண்டு அதைவிடச் சுமார் 11 நாள் குறைவு. நம் நாட்டில் நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 11 அன்றும், 2025இல் மார்ச் 31 அன்றும் வந்தது. அதனால் 2024-25 என்ற ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு ரமளான்களின் கடைசிப் பத்து நாட்கள் அடங்கிவிட்டன. தர்மம் பெருகும் நாட்கள் அவை. அந்த ஆண்டின் வரவை அப்படியே அடுத்த ஆண்டுக்கும் எதிர்பார்த்துத் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 2025-26இல் கடைசிப் பத்து ஒருமுறைதான்.

எனவே ரசீதுப் பதிவில் ஆங்கிலத் தேதியோடு ஹிஜ்ரி மாதத்தையும் எழுதி, ரமளானை ரமளானோடு ஒப்பிடுவோம்.

4. மாதக் கணக்கை மூடிய பிறகு திருத்தாதீர்கள்

மாத முடிவில் கணக்கை மூடிய பிறகே அதன் தொகைகளைத் திட்டத்தில் ஏற்ற வேண்டும். பின்னர் பிழை தெரிந்தால் பழைய பக்கத்தை அழிக்காமல், காரணத்தை எழுதி அடுத்த மாதத்தில் சரிசெய்ய வேண்டும். வரவு குறைவதாகத் தெரிந்தால், பயனாளிக்குச் சொன்ன தொகையை அப்போதே மறுபரிசீலனை செய்யலாம். கட்டணம் கட்டும் கடைசி நாளில் கைவிரிக்கும் நிலை வராது.

ஆண்டுக் கூட்டத்தில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஜகாத் தனியாகக் காட்டப்பட்டுள்ளதா? பிரிவுகளுக்குள் மாறிய பணம் நீக்கப்பட்டுள்ளதா? திட்டமிட்டதும் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளனவா? கேட்பது குறை காண்பதற்காக அல்ல. பொறுப்பில் இருப்போரின் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்காக. இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே அதைத் தொடங்குவோம்.